முட்டை அடிப்பதற்குள்

அந்தச் சலவை ஆலையில் மேனேஜருக்குப் பயப்படாதவர்கள்கூட முட்டைக்குப் பயப்படுவார்கள். நிஜ முட்டை இல்லை. முட்டை வேகவைக்கும் நேரத்தைப் பார்ப்பதற்கென்று கடையில் விற்கிறார்களே, முட்டை வடிவத்திலேயே ஒரு மணி. இடுப்பைப் பிடித்துத் திருகிவிட்டால் டிக் டிக்கென்று ஓடி, நேரம் முடிந்ததும் ஊரைக் கூட்டுமே, அது. பெரியவள் அதைத் தன் வீட்டு அடுப்படியிலிருந்து எடுத்துவந்து கூட்ட அறை மேஜையின் நடுவில் வைத்த நாளிலிருந்து ஆலையின் தலையெழுத்தே மாறிப்போயிற்று.

பெரியவள் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஆலையில் அவள் மேற்பார்வையாளர். முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'மணிக்காரி'. இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டிலும் அவளுக்கு வருத்தம் கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, அவள் அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் அங்கே நடந்ததைக் கூட்டம் என்று சொன்னால் கூட்டத்துக்கே கோபம் வரும். காலையில் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். பாய்லர்காரர் தன் முட்டிவலியில் ஆரம்பிப்பார். வண்டி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரி வாசலில் தன்னை எவ்வளவு நேரம் காக்கவைத்தார்கள் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். டீ வரும், பிஸ்கட் வரும், முடிவு மட்டும் வராது. ஓட்டல் துண்டுகளுக்கு அடையாளமாக நீல நூல் தைப்பதா சிவப்பு நூல் தைப்பதா என்று ஒரே விஷயத்தை மாதக்கணக்கில் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் அந்த ஓட்டலையே இழுத்து மூடிவிட்டார்கள்.

பெரியவள் வந்ததும் முதல் வேலையாக நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டாள். நின்றுகொண்டே பேசு, கால் வலித்தால் வாய் தானாகக் குறையும். என்ன பேசப்போகிறோம் என்பது முந்தைய நாள் சாயங்காலமே பலகையில் எழுதப்பட்டுவிடும், அதில் இல்லாததைக் கூட்டத்தில் கிளப்பக்கூடாது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரே ஒரு ஆள், வாரம் ஒருத்தர், முறை வைத்து. ஒரு விஷயத்துக்கு முட்டையில் ஒரு திருகு, மூன்று நிமிடம். பாய்லர்காரரின் முட்டிவலி அந்த வாரமே குணமாகிவிட்டது என்று ஆலையில் சொல்லிச் சிரித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. அதை அவள் முதல் நாளே உரக்கச் சொன்னாள்.

"முட்டை அடிக்கறதுக்குள்ள வாயத் திறக்காதவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். அப்புறம் வெளியில போய் முணுமுணுக்கக் கூடாது. சொல்றத இங்கயே சொல்லுங்க."

பாய்லர்காரர் முட்டையைக் கையில் எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். "உள்ள ஏதோ துடிக்குது மேடம். என்னைக்காவது பொரிச்சு வெளிய வந்து நம்மளக் கொத்தப் போகுது பாருங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. மேனேஜர் கூட்டத்துக்கு வந்து ஏதாவது விளக்க ஆரம்பித்து நேரம் போதாமல் போனால், அவள் மேஜைப் பக்கம் குனிந்து முட்டையை இன்னொரு திருகு திருகுவாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் என்றால் அப்படித்தான்.

இப்போது சின்னவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னவள் அவளுடைய தங்கை. மடிப்புப் பிரிவிலிருந்த ஆறு பெண்களில் ஒருத்தி. உருளை இஸ்திரியிலிருந்து சுடச்சுட வெளியே வருகிற படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடிக்க வேண்டும். ஒரு உதறு, ஒரு மடிப்பு, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து இன்னொரு மடிப்பு. வாயைத் திறக்கவே வேண்டியிராத வேலை. அதற்காகத்தான் பெரியவள் அவளை அங்கே சேர்த்துவிட்டாள்.

ஏனென்றால் சின்னவளுக்குப் பேச்சு திக்கும். கொஞ்சநஞ்சம் இல்லை. அதிலும் உதடு இரண்டும் ஒட்டவேண்டிய சொல் வந்துவிட்டால் போச்சு. ஒட்டியது ஒட்டியபடி நின்றுவிடும். சத்தமே வராது. கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் எழும்பி நிற்கும். தெரியாதவர்கள் பார்த்தால், ஏதோ வீம்புக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

பெரியவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அந்த உதட்டைப் பார்த்து, உள்ளே எந்தச் சொல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். கடைக்காரரிடம், வாத்தியாரிடம், டாக்டரிடம் எல்லாம் தங்கையின் வாய் மூடிக்கொண்டால் அக்காவின் வாய் திறக்கும். "மிட்டாய் வேணுமாம்." "பென்சில் அவ எடுக்கலையாம்." "வயித்த வலிக்குதாம்." இப்படி 'வேணுமாம், வலிக்குதாம்' என்றே இரண்டு பேரும் வளர்ந்து ஆளானார்கள். சின்னவளுக்குக் கல்யாணமாகி, கணவன் கப்பல் வேலைக்குப் போய், வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல் ஆனபிறகும், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் பெரியவள்தான் போனாள். குட்டிக்கு இப்போது ஐந்து வயது.

ஒரு நாள் மேனேஜர் பெரியவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேனேஜர் நல்ல மனுஷர்தான். யாரையும் அதட்டமாட்டார். அதட்டவேண்டிய வேலை வந்தால் அதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

"மடிக்கற மிஷின் வருது," என்றார். "அதுக்கு மூணு பேர் போதும், பழகின ஆளுங்களா வெளியிலேருந்து எடுக்கறோம். மடிப்புல இருக்கிற ஆறு பேரையும் அழுக்குப் பக்கம் மாத்திடலாம், ராத்திரி ஷிப்டுக்கு. யாரையும் வேலைய விட்டு அனுப்பலையே. கூட்டத்துல வெச்சு முடிச்சிடுங்க."

அழுக்குப் பக்கம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆலைக்கு நடுவில் ஒரு சுவர். சலவை மிஷின்கள் எல்லாம் அந்தச் சுவருக்குள் பதிந்திருக்கும், முன்னும் பின்னும் கதவோடு. இந்தப் பக்கக் கதவு வழியாக அழுக்குத் துணி உள்ளே போகும், அந்தப் பக்கக் கதவு வழியாக வெள்ளையாக வெளியே வரும். ஆட்கள் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக்கூடாது. ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரிப்பது அழுக்குப் பக்கத்தில். ரத்தம் இருக்கும், சீழ் இருக்கும், விரிப்புக்குள் சுருண்டு ஊசி இருக்கும். போன வருஷம் யாரோ ஒருத்தருடைய பல்செட் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. மூட்டைகள் சாயங்காலம் வருவதால் அங்கே வேலை இரவில்தான்.

சின்னவள் இரவு வேலைக்குப் போனால் குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அது பெரியவளுக்கு உடனே தோன்றியது.

"இந்த வாரம் மடிப்புல இருந்து யாரு வராங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"என் தங்கச்சி சார்."

"அடுத்த வாரம்?"

அடுத்த வாரம் தொண்டையின் முறை. தொண்டை என்பது ஒரு பெண்ணுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். இஸ்திரி உருளை போடுகிற இரைச்சலுக்கு மேலே ஏறி அந்தச் சுவரையும் தாண்டிக் கேட்கும் குரல். தனக்கு நியாயம் என்று பட்டுவிட்டால் அவள் முட்டையையும் பார்க்கமாட்டாள், மேனேஜரையும் பார்க்கமாட்டாள். பெரியவள் அந்தப் பெயரைச் சொன்னாள்.

மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடியும் மாட்டினார். "அப்ப இந்த வாரமே வெச்சிடுங்களேன்," என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது, அதன் பின்பக்க விளக்கைப் பார்த்தபடி நின்றாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேனேஜர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு "நல்லது," என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அவளுடைய விதி அவருக்கும் தெரியுமே.

அன்று சாயங்காலம் விஷயத்தைப் பலகையில் எழுதிப் போட்டாள். மடிப்புப் பிரிவில் அடுப்பில் எண்ணெய் தெறித்த மாதிரி ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் தொண்டை அவளைத் தேடி வந்துவிட்டாள்.

"மேடம், இந்த வாரம் அவளுக்குப் பதிலா நான் வரேன். ஒரே ஒரு வாரம் மாத்திக்கிட்டா என்ன குடியா முழுகிடும்?"

"முறைன்னா முறைதான். ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்."

"உங்க தங்கச்சி மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

"தங்கச்சிங்கறதாலதான் மாத்த முடியாது. நாளைக்கு நீங்களே பேசுவீங்க, அவளுக்குன்னா ஒரு நியாயம்னு."

கேட்பதற்கு எவ்வளவு யோக்கியமாக இருந்தது அந்தப் பதில்! தொண்டைக்கே ஒரு நிமிடம் வாயடைத்துப் போயிற்று. பெரியவளுக்குத் தன் வாயிலிருந்து இவ்வளவு சரளமாக அது வந்ததே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் சின்னவள் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். எப்போதும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவார்கள். சின்னவளுக்கு அக்காவோடு பேசும்போது திக்கல் கொஞ்சம் இளகும். அவசரப்படுத்தாத ஆள் என்பதால் இருக்கலாம்.

"நா... நாங்க ஆறு பேரும் கலந்து பேசிட்டோம்க்கா. மிஷின நாங்களே கத்துக்கறோம். ஒ... ஒரு மாசம் மூ... மூணு பேர் மிஷின்ல, மூணு பேர் அழுக்குப் பக்கம். அடுத்த மாசம் மா... மாறிக்கறோம். அப்ப எல்லாரும் சமாளிச்சிடலாம்."

நல்ல யோசனைதான். ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியாத யோசனை. இதைக் கூட்டத்தில் யார் சொன்னாலும் மற்றப் பிரிவுக்காரர்கள் தலையாட்டுவார்கள், மேனேஜரால் அவ்வளவு பேர் முன்னால் மறுக்க முடியாது.

"யார் சொல்லப் போறீங்க?" என்று தெரியாதவள் போலக் கேட்டாள் பெரியவள்.

"நா... நான்தான். என் முறைதானே." சின்னவள் முகம் சிவந்திருந்தது. "வீ... வீட்ல கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்தேன். வருது. 'மூணு பேர்'ங்கறதுதான் கொஞ்சம் நேரமாகுது."

"முட்டை ஓடும்டி."

"ஓ... ஓடட்டும். எனக்காக இன்னொரு திருகு திருக மாட்டியா நீ?" என்று கேட்டுவிட்டுச் சின்னவள் சிரித்தாள். அக்காவின் தோளில் லேசாக இடித்தாள்.

பஸ் வந்தது. பெரியவள் பதில் சொல்லாமல் ஏறினாள். பின்னாலேயே ஏறிய சின்னவள், அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டு நிம்மதியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கூட்டம். மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். சின்னவள் சுத்தமாக இஸ்திரி போட்ட மேலங்கியில் வந்திருந்தாள், தலையை அழுந்த வாரியிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மடிப்பு மேஜைகளிலிருந்து மற்ற ஐந்து பேரும் வேலை பார்ப்பது போல் பாவனை செய்துகொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டை ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

முதல் விஷயம், நீராவிக் குழாய்க் கசிவு. பாய்லர்காரர் இரண்டே வாக்கியத்தில் முடித்தார். இரண்டாவது, வண்டி வரும் நேரம். அதுவும் முடிந்தது. மூன்றாவதுக்குப் பெரியவள் முட்டையைத் திருகினாள்.

மேனேஜர் பேசினார். இனிமையாகப் பேசினார். யாரையும் கைவிடமாட்டோம் என்றார், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார், மிஷினின் அருமை பெருமைகளைச் சொன்னார். முட்டையின் முள் முக்கால்வாசி சுற்றி வந்துவிட்டது. பெரியவள் வழக்கம்போலக் குனிந்து அவருக்காக இன்னொரு திருகு திருகினாள். சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

மேனேஜர் பேசி முடித்தபோது இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள் பெரியவள்.

சின்னவள் மூச்சை இழுத்தாள். உதடுகள் ஒட்டின.

அறையில் முட்டையின் டிக் டிக் மட்டும் கேட்டது. வண்டிக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லர்காரர் மடிப்புப் பிரிவின் ஆள் யாரென்று திரும்பிப் பார்த்தார். வாயை இறுக்க மூடிக்கொண்டு ஒரு பெண் நிற்பதைப் பார்த்துவிட்டு, அவளுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை போல என்று மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

பெரியவள் மட்டும் தங்கையின் உதட்டைப் பார்த்தாள். 'மூணு.' அந்தச் சொல் உள்ளே முட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கு எழுதி ஒட்டிய மாதிரி தெரிந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. கண்கள் அவளையே பார்த்தன. கை முட்டைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. குனியக்கூட வேண்டாம். அல்லது வாயைத் திறந்து, "மூணு பேர் மூணு பேரா மாறிக்கலாமாம்," என்றால் போதும். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்தானே.

கை நகரவில்லை. வாயும் நகரவில்லை. ஏன் என்று அவளைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மேனேஜருக்குப் பயந்தாளா, தங்கைக்குச் சலுகை காட்டினாள் என்ற பேச்சுக்குப் பயந்தாளா, இல்லை, விதியை எழுதிய கைக்கு விதியை மீறத் தெரியவில்லையா? அவள் அங்கே நின்றாள், பார்த்தாள், அவ்வளவுதான்.

முட்டை அடித்தது.

"ஆட்சேபணை இல்லை," என்று சொல்லி அவள் பலகையில் எழுதினாள். எழுத்து கோணாமல் நேராக வந்தது. அவள் எழுதி முடித்துத் திரும்பும்போதுதான் சின்னவளின் உதடு பிரிந்தது. வெறும் காற்று வந்தது. அதற்குள் எல்லோரும் கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

அதன்பிறகு தனக்கு அழுகை வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. மதியம் சாப்பிட்டாள், ருசி தெரியாவிட்டாலும் டப்பா காலியாயிற்று. பிற்பகலில் அனுப்பவேண்டிய துணிக் கட்டுகளைச் சரிபார்த்தாள். தொண்டை எல்லோர் முன்னாலும் வந்து நின்று, "கூடப்பிறந்தவளா நீங்க? கல்லுக்குக்கூடச் சூடு ஏறும் மேடம்," என்று கத்தினாள். பெரியவள், "கூட்டத்துலயே சொல்லியிருக்கணும்," என்றாள். சொல்லிவிட்டு, தொண்டையின் வாய் அசைவதை ரொம்ப தூரத்திலிருந்து பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி உருளையைத் தெரியாமல் தொட்டவர்களுக்கு முதல் நொடியில் வலியே தெரியாது என்பார்கள். அந்த முதல் நொடியிலேயே அவள் நின்றுவிட்டாள் போலிருக்கிறது.

அன்று பஸ் நிறுத்தத்துக்குச் சின்னவள் வரவில்லை.

மிஷின் வந்தது. வழுவழுவென்று, ஒரு பக்கம் விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் செங்கல் மாதிரி மடித்துத் தள்ளியது. மடிப்புக்காரிகள் ஆறு பேரும் சுவரைத் தாண்டி அழுக்குப் பக்கம் போனார்கள். தினமும் சாயங்காலம் சின்னவள் குட்டியைக் கொண்டுவந்து அக்கா வீட்டில் விட்டாள். அதில் கோபதாபம் எதுவும் காட்டவில்லை, காட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மாற்று உடுப்புப் பையை வாசலில் வைப்பாள், குழந்தையின் கன்னத்தைத் தட்டுவாள், தலையை அசைப்பாள், போய்விடுவாள். எத்தனை நேரமானாலும் அக்காவிடம் திக்கித் திக்கி ஊர்க்கதை பேசியவள், இப்போது ஒரு சொல் பேசுவதில்லை.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்பாள் பெரியவள். தலையசைப்பு. "குட்டிக்கு இருமல் பரவாயில்லையா?" தலையசைப்பு. "கோவமா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். சின்னவள் பையின் ஜிப்பைச் சரிசெய்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

குட்டி சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து கதை சொல்லும். அது சொல்லுகிற கதைக்கு வாலும் கிடையாது தலையும் கிடையாது.

"பெரிம்மா, எங்க கிளாஸ்ல ஒரு பையன் இருக்கான், அவன் என்ன பண்ணான்னா, டீச்சர் வரும்போது, டீச்சர் வரும்போது..."

"ஒளிஞ்சுக்கிட்டான். சரி, வாய்ல இருக்கிறத முழுங்கு."

"இல்ல! நான் சொல்லி முடிக்கல," என்று குட்டி தட்டைத் தள்ளிவிட்டது. "அம்மா நான் முடிக்கறவரைக்கும் சும்மா இருப்பாங்க. நானும் அம்மா முடிக்கறவரைக்கும் சும்மா இருப்பேன்."

"சரி, சொல்லு."

"மறந்துபோச்சு," என்றது குட்டி.

இதற்கிடையில் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவளுக்கு அழைப்பு வந்தது. மற்ற கிளைகளில் எல்லாம் கூட்டங்கள் ஜவ்வாக இழுக்கின்றனவாம், அவள் வந்து எப்படி நடத்துவது என்று சொல்லித்தர வேண்டுமாம். மேனேஜர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு பேசினார். அவள் முட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு பெரிய அறையில் நல்ல நல்ல உடுப்புகளில் ஆட்கள் உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். நாற்காலிகளை எடுத்துவிடுங்கள் என்று அவள் சொன்னபோது சிரித்தார்கள். கடைசி விதியைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு கணக்குப்பிரிவு அம்மா கையைத் தூக்கினார்.

"பேசாம இருக்கிறவங்க எல்லாம் ஒத்துக்கறாங்கன்னு எப்படித் தெரியும்?"

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். யோசிக்கும்போது ஒட்டிய இரண்டு உதடுகள் கண்முன்னால் வந்தன. அவற்றைப் பார்த்தபடியே, "தெரியாது," என்றாள். "ஆனா நேரம் மிச்சமாகும்."

அறையே கைதட்டியது. வேடிக்கைக்குச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் அவள் காதில் இருந்தது. அப்போதும் நெஞ்சுக்குள் ஒன்றும் அசையவில்லை, கை மட்டும் கைப்பைக்குள் போய் முட்டையைத் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தடவை திடுக்கிட்டு எழுந்தார்.

மறுநாள் சாயங்காலம், ஷிப்ட் மாறுகிற நேரத்தில், அவள் அழுக்குப் பக்கம் போனாள். மேற்பார்வையாளராக அவள் அங்கே போகலாம், ஆனால் போனதேயில்லை. வாசலில் இருந்தவர் அவளுக்கு ஒரு மேலங்கி கொடுத்தார், தலையுறை கொடுத்தார், மூக்கையும் வாயையும் மூடும் துணியைக் கொடுத்தார். உள்ளே மருந்து வாடையும் வேறு வாடைகளும் கலந்து அடித்தன. மூட்டைகளுக்கு நடுவே எல்லோரும் ஒரே மாதிரி உடுப்பில் நின்றார்கள். யாருக்கும் கண்ணைத் தவிர வேறெதுவும் வெளியே தெரியவில்லை. தங்கையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விழித்தாள். உதடு தெரிந்தால் அல்லவா அவளுக்கு ஆள் தெரியும்.

கடைசியில் துணியை உதறுகிற விதத்தில் கண்டுபிடித்தாள். மடிப்புப் பழக்கம், அழுக்கு விரிப்பைக்கூட முனையோடு முனை பிடித்து ஒரு உதறு உதறிப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுவண்டியில் போட்டாள் சின்னவள்.

பெரியவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள். சுற்றியிருந்தவர்கள் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். தொண்டை மட்டும் போகாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த விஷயத்த மறுபடியும் கூட்டத்துல வெக்கறேன்டி. இந்த வாரமே. நீயே வந்து சொல்லு. இந்தத் தடவை முட்டை வேண்டாம்."

சின்னவள் கையுறைகளைக் கழற்றினாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாக. பிறகு வாயை மூடியிருந்த துணியைக் கீழே இறக்கினாள். அதன் வார் கன்னத்தில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது.

"மிஷினுக்கு ஆள் எ... எடுத்தாச்சு," என்றாள். "அவங்கள எங்க அனுப்புவ?"

அந்த மூன்று பேரையும் வேலைக்கு எடுத்த கூட்டத்தையும் பெரியவள்தான் நடத்தினாள். அதுவும் நேரத்துக்கு முடிந்தது.

"நீ..." என்று ஆரம்பித்தாள் சின்னவள். அத்தோடு உதடு ஒட்டிக்கொண்டது.

கழுத்து நரம்பு எழும்பியது. கண்கள் அக்காவை விட்டு அகலவில்லை. பெரியவளுக்கு வாய் துறுதுறுத்தது, பழைய பழக்கம். உள்ளே இருக்கும் சொல் என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஒரு தடவை அதை எடுத்துச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. காத்திருந்தாள். முட்டை அடித்திருக்கும் நேரம் கடந்தது, இன்னொரு திருகின் நேரமும் கடந்தது. பின்னால் ஒரு மிஷின் தண்ணீரைக் குடித்து முடித்துச் சுற்ற ஆரம்பித்தது.

"நீ பாத்த," என்றாள் சின்னவள். ஒரே மூச்சில், தெளிவாக. "நான் சொல்ல வந்தத நீ பாத்த."

இல்லை என்று சொல்லலாம். பாய்லர்காரர் பார்க்கவில்லை, மேனேஜர் பார்க்கவில்லை, அந்த அறையில் யாருமே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆமாம் என்று சொல்லி அங்கேயே தங்கையின் காலில் விழலாம். இரண்டில் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று பெரியவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். மூடியிருந்த துணிக்குள் அவள் உதடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. சத்தம் வரவில்லை.

சின்னவள் அவசரப்படுத்தவில்லை. அவள் எப்போதுமே அவசரப்படுத்துகிறவள் இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்தபடி, வேண்டிய மட்டும் நேரம் கொடுத்து, காத்துக்கொண்டு நின்றாள். தள்ளுவண்டி நிறைந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். அப்போதும் நின்றாள்.

பிறகு, "ச... சரி," என்றாள். வாய்த்துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கையுறைகளை மாட்டிக்கொண்டு, அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.